ஒரே வீடு, ஒரே காற்று: அப்பாவுக்கு மட்டும் ஏன் கருப்புப் பூஞ்சை?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். கேள்வி சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 மே மாதம் என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே வாரத்தில் கொரோனா வந்தது. அம்மா வீட்டிலேயே படுத்திருந்து தேறிவிட்டார். அப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு இறங்கியதால் மருத்துவமனையில் சேர்த்தோம். ஆக்சிஜனோடு ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. அந்த நாட்களில் அளவு 400ஐ விட்டு இறங்கவே இல்லை. பிழைத்து வீடு வந்த பிறகு இடது கன்னம் மரத்திருக்கிறது என்றார். அடுத்து மேல்வரிசைப் பற்கள் ஆடின. டார்ச் அடித்துப் பார்த்தபோது அண்ணத்தில் கன்னங்கரேலென்று ஒரு திட்டு. மேல் தாடையின் இடது பாதியை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்து ஊசிக்காக ஊர் ஊராக அலைந்தோம். இன்று அப்பா செயற்கை அண்ணத் தகடு வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார், பேசுகிறார், தோட்டத்துக்கும் போய் வருகிறார்.

அந்தப் பூஞ்சையின் வித்து மண்ணிலும் காற்றிலும் எங்கும் இருக்கிறது என்று அப்போதே சொன்னார்கள். அப்படியானால் அதே வீட்டில் அதே காற்றைச் சுவாசித்த அம்மாவுக்கு ஏன் வரவில்லை? மருந்து இருக்கும்போது எலும்பை ஏன் வெட்டி எடுக்க வேண்டும்? உறவினர்கள் ‘எதிர்ப்புச் சக்தி குறைவு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அப்பாவுக்குச் சில வாரங்களாகத் தொடை இடுக்கில் படர்தாமரை. மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவுகிறார். அரிப்பு அடங்கிவிட்டது, ஆனால் இடம் பெரிதாகிக்கொண்டே போகிறது. இதுவும் பூஞ்சைதான் என்று யாரோ சொல்லப்போக, அம்மா இரவில் தூங்குவதில்லை. பழைய நோய் திரும்புகிறதா?

---

மலைத்தேன் எழுதியது:

படிக்கவே கலக்கமாக இருக்கிறது. அப்பா நலமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கொரோனா காலத்திலிருந்து நெல்லிக்காய்ச் சாறு, மஞ்சள், மிளகு எல்லாம் தினமும் உண்டு. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொண்டால் எந்தப் பூஞ்சையும் அண்டாது என்று நம்புகிறேன். உங்கள் அப்பாவுக்கும் கொடுத்துப் பாருங்கள்.

---

நுண்ணோக்கி எழுதியது:

வைகைக்கரை தம்பிக்கு,

அப்பா தோட்டத்துக்குப் போகிறார் என்று படித்தபோது மனம் நிறைந்தது. நான் மருத்துவர் அல்ல. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். உங்கள் அப்பாவிடம் எடுத்தது போன்ற சதைத் துணுக்குகள் 2021 கோடையில் எங்கள் மேசைக்கு வந்தவண்ணம் இருந்தன.

அந்தத் துணுக்கை ஸ்லைடில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய கண்ணாடி வில்லையால் மூடிச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். நம்முடைய செல்கள் அதில் கரைந்து வெளிறிப்போகும். பூஞ்சையின் சுவர் கரையாது. அதில் கைட்டின் இருக்கிறது, பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் பெரும்பாலான பூஞ்சைகளில் இருக்கிறது. இரண்டையும் மனித உடல் உண்டாக்குவதில்லை. நுண்ணோக்கியில் கண் வைத்தால், கரைந்துபோன சதையின் நடுவே அகலமான பட்டை இழைகள், குறுக்குச் சுவர் அநேகமாக இல்லாமல், ஏறக்குறையச் செங்கோணத்தில் கிளை பிரிந்து கிடக்கும். அதைப் பார்த்த நொடியில் அறுவை அரங்குக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவோம். பூஞ்சை தட்டில் வளரும்வரை காத்திருந்தால் நோயாளி தாங்கமாட்டார்.

நாங்கள் ஸ்லைடில் செய்கிற இந்தக் காரியத்தைத்தான் உடலும் செய்கிறது: தன்னிடம் இல்லாத பொருளை வைத்து அந்நியனை அடையாளம் காண்பது. நம் வெள்ளை அணுக்களின் மேல் டெக்டின்-1 என்று ஒரு புரதம் உண்டு. பீட்டா குளுக்கானைத் தொட்டதும் அது விழித்துக்கொள்ளும். பீட்டா குளுக்கானைப் பிடிக்கும் ஏற்பி அதுதான் என்று 2001இல் கார்டன் பிரவுனும் சியாமன் கார்டனும் காட்டினார்கள். ஆனால் அடையாளம் காண்பது தொடக்கம் மட்டுமே. அதன் பிறகு யார் வந்து கொல்வது என்பது பூஞ்சைக்குப் பூஞ்சை மாறும். உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

மலைத்தேன் அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். எதிர்ப்புச் சக்தி என்பது மட்டம் பார்த்து நிரப்புகிற தொட்டித் தண்ணீர் அல்ல. தனித்தனி வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களில் யார் இல்லாமல் போனார் என்பதைப் பொறுத்தே எந்தப் பூஞ்சை வரும் என்பது அமையும். எந்த உறுப்பில் எந்தப் பூஞ்சை என்று சொல்லிவிட்டால், எது பழுது என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஆய்வுக்கூடத்தில் இத்தனை காலம் உட்கார்ந்ததில் எனக்கு மிகவும் வியப்பளித்த உண்மை இதுதான்.

எச்.ஐ.வி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். நல்ல மருந்துகள் எளிதாகக் கிடைக்காத ஆண்டுகளில் அந்த நோயாளிகளின் முதுகுத்தண்டு நீர் எங்களிடம் வரும். ஒரு சொட்டு நீரோடு ஒரு சொட்டு இந்தியா மை கலப்போம். கருமையான பின்னணியில் உருண்டையான ஈஸ்ட், அதைச் சுற்றி மை நுழைய முடியாத ஒளிவட்டம். அது கிரிப்டோகாக்கஸ். புறா எச்சத்திலும் மண்ணிலும் கிடப்பது. அந்த வட்டம் அதன் வழவழப்பான உறை. மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் அணு அதை விழுங்கினாலும், உள்ளே அது சாகாமல் பெருகிக்கொண்டிருக்கும். மற்ற அணுக்களை ஏவிவிடும் வெள்ளை அணுக்களான சிடி4 டி செல்கள் வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்தால்தான் மேக்ரோபேஜுக்கு அதைக் கொல்லும் வலு வரும். எச்.ஐ.வி. அழிப்பது அந்த சிடி4 செல்களை. எண்ணிக்கை 100க்குக் கீழே போனவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த மூளைக்காய்ச்சல் வரும்.

அதே நோயாளிகளின் நாக்கில் வெள்ளை வெள்ளையாகக் கேண்டிடா என்ற ஈஸ்ட் படிந்திருக்கும். சுரண்டி எடுத்து, சிறிது மனித இரத்தச் சீரத்தில் போட்டு 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், ஒவ்வொரு ஈஸ்டிலிருந்தும் ஒரு சிறு குழல் முளைத்து வெளியே வரும். அதைப் பார்த்துக் கேண்டிடா அல்பிகன்ஸ் என்று எழுதிக் கொடுப்போம். வாய் முழுக்க அது படிந்திருந்தாலும், அந்த நோயாளிகளின் இரத்தத்துக்குள் அது நுழைவது அரிது! ஏனென்றால் வாயின் ஈரத்தோலில் கேண்டிடாவை அடக்கிவைப்பது டி செல்களில் ஒரு பிரிவு. அவை சுரக்கும் இன்டர்லூகின்-17 என்ற சமிக்ஞைப் புரதம்தான் ஈரத்தோலைப் பூஞ்சைக்கு எதிராக உஷார்ப்படுத்துகிறது. இரத்தத்தில் அதைக் கொல்வது வேறு ஆள், நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணு. எச்.ஐ.வி. நோயாளிக்கு முதல் ஆள் இல்லை, இரண்டாவது ஆள் பெரும்பாலும் இருக்கிறார். புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கு நியூட்ரோபில்கள் கீழே போய்விடும். அவர்களுக்குத்தான் கேண்டிடா இரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் போகும். இன்டர்லூகின்-17 பாதையில் மரபுக் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு வாயிலும் நகத்திலும் கேண்டிடா ஓயாமல் வரும், இரத்தத்தில் வராது. 2011இல் அந்த மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். சோரியாசிஸ் என்ற தோல்நோய்க்கு இன்டர்லூகின்-17ஐத் தடுக்கும் ஊசி போடுகிறவர்களிலும் சிலருக்கு வாயில் இலேசாகக் கேண்டிடா தலைகாட்டுகிறது.

இப்போது உங்கள் அப்பாவிடம் வருகிறேன். கருப்புப் பூஞ்சை எய்ட்ஸ் நோயாளிகளுக்கு அபூர்வம். அதைத் தடுப்பதில் டி செல்களைவிட மேக்ரோபேஜும் நியூட்ரோபிலும்தான் முக்கியம். நம் நாட்டில் பெரும்பாலும் அது ரைசோபஸ் இனம், பழைய ரொட்டியிலும் அழுகும் காய்கறியிலும் பார்ப்பீர்களே, அந்த இனம். அதன் வித்து மூக்குக்குள் போனால் மேக்ரோபேஜ் அதைச் சூழ்ந்து முளைக்கவிடாமல் வைத்திருக்கும். தப்பி முளைத்த இழைகளை நியூட்ரோபில்கள் வந்து ஆக்சிஜன் நஞ்சுகளைப் பீய்ச்சிக் கொல்லும். அம்மாவும் அந்த வித்துகளை இழுத்துத்தான் இருப்பார். அவருடைய மூக்கிலேயே கதை முடிந்துவிட்டது.

அப்பாவின் உடலில் ஒரே நேரத்தில் பல கதவுகள் திறந்தன. ஸ்டீராய்டு கொடுத்த எலிகளிலும் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளிலும் மேக்ரோபேஜ்களால் வித்து முளைப்பதைத் தடுக்க முடியவில்லை என்று 1980களிலேயே கண்டார்கள். அதிகச் சர்க்கரையில் நியூட்ரோபில்கள் எண்ணிக்கையில் குறையாது, வேலையில் குறையும். இரத்தப் பரிசோதனைத் தாளில் எல்லாம் சரியாகவே தெரியும், ஆனால் அவை தொற்று இருக்கும் இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேராது, சேர்ந்தாலும் சரியாகக் கொல்லாது.

இரும்பு இன்னொரு கதை, பலருக்கும் தெரியாதது. எந்தப் பூஞ்சைக்கும் வளர இரும்பு வேண்டும். நம் இரத்தத்தில் இரும்பு ஏராளம், ஆனால் ஒரு துளிகூடச் சும்மா திரியாது. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைப் பூட்டி வைத்திருக்கும். இப்படிப் பட்டினி போடுவதும் எதிர்ப்பில் ஒரு பகுதிதான். சர்க்கரை கட்டுக்கு மீறி, கீட்டோன் அமிலம் ஏறி, இரத்தம் புளிப்புப் பக்கம் சாயும்போது டிரான்ஸ்ஃபெரினின் பிடி தளர்ந்து இரும்பு வெளியே வருகிறது. ஆரோக்கியமான மனிதரின் சீரத்தில் வளர முடியாத ரைசோபஸ், அந்தச் சீரத்தில் செழிக்கும். 1980களில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் டெஃபெராக்சமின் என்ற இரும்பு நீக்கி மருந்தைப் பெற்ற சிலருக்கு இந்த நோய் வந்தது. மருந்து பிடித்துவைத்த இரும்பை ரைசோபஸ் தன் வசமாக்கிக்கொண்டது என்று பின்னால் புரிந்தது. கொரோனா காலத்தில் சர்க்கரை, ஸ்டீராய்டு, வைரஸால் அடிபட்ட இரத்தக்குழாய்ச் சுவர் எல்லாம் ஒன்றுகூடின. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு 45,000 நோயாளிகளைத் தாண்டியது. கொரோனா வந்த கோடிக்கணக்கானவர்களோடு ஒப்பிட்டால் சிறிய எண்தான். பெரும்பாலோர் உடலில் காவல் நின்று வேலை செய்திருக்கிறது.

ஸ்டீராய்டு கொடுத்தது தவறா என்ற குடைச்சல் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காத்தது என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு காட்டியது. நாளைக்கு 6 மில்லிகிராம், 10 நாள் வரை. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் தெரியவில்லை. மூச்சு நன்றாக இருந்தவர்கள் வீட்டிலிருந்தபடி, யாரோ அனுப்பிய மருந்துச் சீட்டைப் பார்த்து அதை விழுங்கியதுதான் என்னை இன்றைக்கும் கொதிக்க வைக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அது தேவைப்பட்டது.

எலும்பை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டீர்கள். இந்தப் பூஞ்சை இரத்தக்குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே வளர்ந்து, இரத்தத்தை உறையவைத்து அடைத்துவிடும். அதற்கு அப்பால் இருக்கும் சதையும் எலும்பும் இரத்தமின்றிச் செத்துக் கறுக்கும். நீங்கள் அண்ணத்தில் பார்த்த கருமை அதுதான், பூஞ்சையின் நிறம் அல்ல. இரத்தம் போகாத இடத்துக்கு வெள்ளை அணுவும் போகாது, ஊசியில் ஏற்றும் மருந்தும் போகாது. செத்த பகுதியை நல்ல இரத்தம் கசியும் இடம்வரை வெட்டி எடுத்தால்தான் மீதியைப் பிழைக்கவைக்க முடியும். உங்கள் அப்பாவின் அறுவை மருத்துவர்கள் உயிரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

---

செங்காந்தள் எழுதியது:

நுண்ணோக்கி அம்மா, என் தங்கை மகனுக்கு இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. நியூட்ரோபில் 300 என்றார்கள். அறையில் பூந்தொட்டி கூடாது, பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் சன்னலைத் திறக்கக் கூடாது என்கிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு ஒன்றும் செய்யாத தூசு அவனை எப்படித் தாக்கும்? அவன் வயது ஒன்பது. வீட்டுக்கு வெளியே விளையாட வேண்டும் என்று அழுகிறான்.

---

நுண்ணோக்கி எழுதியது:

செங்காந்தள், குழந்தை தேறி வர வேண்டும். மருத்துவமனை சொல்வதை அப்படியே கேளுங்கள்.

சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,500க்கு மேல் நியூட்ரோபில்கள் இருக்கும். 500க்குக் கீழே போவதைத்தான் ஆபத்து என்கிறார்கள், அது எத்தனை நாள் நீள்கிறதோ அத்தனைக்குப் பூஞ்சைப் பயம் கூடும். அவர்கள் அஞ்சுவது அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையை. அதன் வித்து 2 முதல் 3.5 மைக்ரான்தான், நுரையீரலின் கடைசி அறைவரை நேரே போய்விடும். பூந்தொட்டி மண்ணிலும் இடித்த சுவரின் தூசியிலும் நிறைய உண்டு. நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் இழுக்கிறோம்.

நாம் ஏன் ஓயாமல் இருமிக்கொண்டிருப்பதில்லை என்பதற்கு அழகான விளக்கம் ஒன்று 2009இல் வந்தது. வித்தின் மேல் நீர் ஒட்டாத புரத உறை ஒன்று போர்த்தியிருக்கிறது. அது இருக்கும்வரை வெள்ளை அணுக்கள் வித்தைக் கண்டுகொள்ளாது. நுரையீரலின் ஈரத்தில் வித்து ஊறிப் பருத்து முளைக்கத் தொடங்கும்போது உறை கழன்று, கீழே இருக்கும் பீட்டா குளுக்கான் வெளிப்படும். அந்த நேரத்தில்தான் டெக்டின்-1 அதைப் பிடிக்கும், நியூட்ரோபில்கள் திரண்டு வரும். கிடக்கும் வித்துக்கெல்லாம் சண்டை போட்டால் நுரையீரலே புண்ணாகிவிடும். முளைப்பவனை மட்டும் பார்த்து அடிக்கிறது உடல்.

நீண்டுவிட்ட இழை ஒரு நியூட்ரோபிலின் வாய்க்குள் அடங்காது. அப்போது அது தன் டிஎன்ஏவையே நூல்நூலாக வெளியே வீசி இழையைச் சிக்கவைக்கும். இதை 2004இல் பாக்டீரியாவிலும் 2006இல் கேண்டிடாவிலும் ஆர்துரோ சிக்லின்ஸ்கி குழுவினர் காட்டினார்கள். அந்த வலையில் கால்புரொடெக்டின் என்ற புரதமும் ஒட்டியிருக்கும். அது துத்தநாகத்தைப் பறித்துப் பூஞ்சையைப் பட்டினி போடும். தங்கை மகனுக்கு இப்போது ஆள் இல்லை, அவ்வளவுதான். முளைக்கும் வித்தைக் கண்டுகொண்டாலும் வந்து கொல்லப் போதுமான நியூட்ரோபில் இல்லை. எண்ணிக்கை ஏறியதும் இந்தக் கட்டுப்பாடுகள் தளரும், அவனும் விளையாடப் போவான். அதுவரை காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

விழுங்கும் அணுக்கள் நோய்க்கிருமியோடு போராடுவதை விளக்கிக் காட்டியது பூஞ்சையை வைத்துத்தான் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. 1884இல் ரஷ்ய அறிவியலாளர் மெச்னிகோவ், டாப்னியா என்ற கண்ணாடி உடல் நீர்ப்பூச்சியை நுண்ணோக்கியில் வைத்தார். அது விழுங்கிய ஊசி வடிவப் பூஞ்சை வித்துகள் குடலைக் குத்திக்கொண்டு உடலுக்குள் வர, அலையும் அணுக்கள் வந்து சூழ்ந்து அவற்றைச் சிதைத்தன. அணுக்கள் வென்ற பூச்சி பிழைத்தது, வித்துகள் வென்ற பூச்சி செத்தது. 1996இல் பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர், டோல் மரபணு பழுதான ஈக்கள் அஸ்பெர்ஜில்லஸ் தொற்றில் செத்துப்போவதைக் கண்டார்கள். அந்தத் தடத்துக்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. பூஞ்சைகள்தான் நமக்கு நோய் எதிர்ப்பியலில் பாதியைக் கற்றுக்கொடுத்திருக்கின்றன என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

---

மலைத்தேன் எழுதியது:

அம்மா, இத்தனை விளக்கத்துக்கு நன்றி. சக்தியைக் கூட்டுவது வீண் என்கிறீர்களா? தடுப்பூசியாவது இருக்கிறதா?

---

நுண்ணோக்கி எழுதியது:

நெல்லிக்காய் நல்ல உணவு, சாப்பிடுங்கள். ஆனால் நியூட்ரோபில் இல்லாத குழந்தைக்கு அது நியூட்ரோபிலைத் தராது, சர்க்கரை 400இல் நிற்பவருக்கு இரும்பைப் பூட்டித் தராது. கூட்டினால் எல்லாம் நல்லது என்பதும் இல்லை. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு அஸ்பெர்ஜில்லஸுக்கு எதிராக உடல் மிதமிஞ்சிப் பொங்கி, அந்தப் பொங்கலே மூச்சுக்குழாயைச் சிதைத்துவிடும். அவர்களுக்கு எதிர்ப்பை அடக்கத்தான் மருந்து கொடுக்கிறார்கள்.

மனிதருக்குப் பூஞ்சைத் தடுப்பூசி என்று அனுமதி பெற்றது ஒன்றும் இன்னும் இல்லை. நமக்கு இயற்கையாகக் கிடைத்த பெரிய காப்பு உடல் வெப்பம். 30 டிகிரியிலிருந்து 40 வரை ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் பூஞ்சைகளில் சுமார் 6 சதவீதம் வளர முடியாமல் கழிந்துவிடுகின்றன என்று 2009இல் ராபர்ட், கசடேவல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணக்குப் போட்டார்கள். வட அமெரிக்காவில் வௌவால்கள் குளிர்கால உறக்கத்தில் உடல் குளிர்ந்து கிடக்கும்போது வெண்மூக்கு நோய்ப் பூஞ்சை பற்றி இலட்சக்கணக்கில் மடிந்தன. விழித்துச் சூடாக இருக்கும்போது அந்தப் பூஞ்சையால் அவற்றின்மேல் வளர முடியாது.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

வைகைக்கரை அண்ணா, நான் மருந்தாளுநர். அப்பா தடவும் களிம்புக் குழாயில் சிறிய எழுத்தில் என்னென்ன மருந்துப் பெயர்கள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல முடியுமா? குளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து, ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் குழைத்த களிம்புகள் நம் ஊரில் வெகு சாதாரணம். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் பல ஸ்டீராய்டுக் களிம்புகளை ‘எச்’ அட்டவணையில் கொண்டுவந்தார்கள். ஆனாலும் ‘அரிப்புக்கு ஒரு களிம்பு’ என்று கேட்டால் கைக்கு வருவது பல இடங்களில் இதுதான். என் தொழிலில் இருப்பவர்களிடம் நான் ஓயாமல் சண்டை போடும் விஷயம் இது.

இதற்கிடையே நம் நாட்டில் டிரைகோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற படர்தாமரைப் பூஞ்சை பரவியிருக்கிறது. டெர்பினாஃபின் மருந்து எந்த நொதியைத் தாக்குமோ அதன் மரபணுவை மாற்றிக்கொண்டு பல இடங்களில் மருந்துக்கு அடங்க மறுக்கிறது. தோல் மருத்துவரிடம் போகும்போது அப்பாவின் சர்க்கரை மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்தை எழுதுவதாக இருந்தால் அதோடு சேரக் கூடாத மாத்திரைகள் உண்டு.

---

வைகைக்கரை எழுதியது:

குழாயைப் பார்த்தேன். குளோபெட்டாசோல் இருக்கிறது. கூடவே இன்னும் இரண்டு பெயர்கள்.

நுண்ணோக்கி அம்மா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். ‘நாங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ’ என்று இத்தனை காலம் உள்ளுக்குள் வைத்திருந்தாராம், இன்றுதான் சொன்னார். படர்தாமரை உள்ளே போய்விடுமா என்று கேட்கச் சொல்கிறார்.

---

நுண்ணோக்கி எழுதியது:

அம்மாவிடம் சொல்லுங்கள்: கருப்புப் பூஞ்சை போல உள்ளே போகாது. உங்கள் வீட்டில் யாரும் யாரையும் கவனிக்கத் தவறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படர்தாமரைப் பூஞ்சை வேறு குடும்பம். தோலின் மேலே செத்து உதிரக் காத்திருக்கும் அடுக்கில் உள்ள கெரட்டினைத் தின்று வாழ்வது. முடியிலும் நகத்திலும் இருப்பது அதே கெரட்டின்தான். கீழே உயிருள்ள அடுக்குக்கு இறங்கினால் அங்கே வெப்பமும் ஒத்துவராது, டிரான்ஸ்ஃபெரின் இரும்பையும் விடாது, நியூட்ரோபில்களும் காத்திருக்கும். கருப்புப் பூஞ்சை போல இரத்தக்குழாயைத் துளைத்துப் போகும் சுபாவம் இதற்கு இல்லை.

உடல் இதை விரட்டும் முறையும் வேறு. பூஞ்சை மேலே இருக்கிறது, வெள்ளை அணு கீழே இருக்கிறது, நேருக்கு நேர் சண்டைக்கு வழியில்லை. ஆகவே டி செல்கள் தோலைச் சிவக்கவைத்து, தோல் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பிறந்து மேலே வந்து உதிரும்படி செய்கின்றன. பூஞ்சை நிற்கும் தரையையே உரித்துப் போடுகிறது உடல். அது உதிர்வதைவிட வேகமாக வெளிப்பக்கம் பரவப் பார்க்கும். நடுவில் தெளிந்து, ஓரத்தில் சிவந்து தடித்து வளையமாகத் தெரிவது அதனால்தான். அரிப்பும் சிவப்பும் உங்கள் அப்பாவின் உடல் விழித்திருப்பதற்கு அடையாளம்.

குளோபெட்டாசோல் அந்த விழிப்பை அமர்த்திவிடுகிறது. அரிப்பு போகும், சிவப்பு மங்கும், வளையத்தின் ஓரம் கலைந்து தோல் மருத்துவருக்கே அடையாளம் தெரியாதபடி ஆகும். பூஞ்சையோ தடையில்லாமல் பரவும். கொரோனாவில் நரம்பில் ஏறிய ஸ்டீராய்டு அவர் உயிரைக் காக்கக் கொடுத்தது, அதற்கு விலை இருந்தது. இந்தக் களிம்புக்கு அப்படி ஒரு நியாயமும் கிடையாது.

களிம்பை நிறுத்திவிட்டு இந்த வாரத்திலேயே தோல் மருத்துவரைப் பாருங்கள். நிறுத்தியதும் அரிப்பும் சிவப்பும் கூடும், பயந்து மறுபடி அதையே தடவிவிடாதீர்கள். திட்டின் ஓரத்திலிருந்து செதிலைச் சுரண்டிப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான், அதிகச் செலவில்லை. மருந்து எழுதினால் தோல் பார்க்கத் தெளிந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை விடாமல் போட வேண்டும். செதிலில் உயிரோடு மீதமிருக்கும் இழை கண்ணுக்குத் தெரியாது. துண்டு, உள்ளாடை, போர்வை தனித்தனியாக இருக்கட்டும், வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பித் திரும்பி வரும்.

மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். இத்தனை பரவியிருக்கிறது என்றால் சர்க்கரையும் ஏறியிருக்க வாய்ப்புண்டு. அப்பாவின் உடலில் இரண்டு பூஞ்சைகளுக்கும் பொதுவான ஒரு பழுது உண்டென்றால் அது இதுதான், உங்கள் கையில் இருப்பதும் இதுதான்.

மூக்கடைப்போடு ஒரு பக்கக் கன்னம் வலிப்பது, மரப்பது, கண் வீங்குவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, மூக்கிலிருந்து கருமையாக நீர் வருவது, தகட்டுக்கு மேலே புதிதாகக் கருமை தெரிவது, இவற்றில் எது வந்தாலும் தோல் மருத்துவருக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போய், 2021இல் நடந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.